லாசெஞ்ச் உருமறைப்பு: ஏர்பிரஷை ஓரமாக வைத்துவிட்டு டீகாலை எடுங்கள்

விமான மாடல் கட்டுகிறவர்களிடம் "கேமோவுக்கு டீகால்தான் ஒட்டப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேமோ என்றால் உருமறைப்பு, டீகால் என்றால் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற அச்சுப் படம். ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் வண்ணம் தூவுகிற கருவி, பிடிக்கத் தெரியாதவன் செய்கிற வேலை என்று ஒரு எண்ணம். இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு அப்படிச் செய்யப் போவதாகச் சொன்னால் நானும் அதே மாதிரிதான் பார்ப்பேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் முதல் உலகப் போரின் கடைசி ஓராண்டில் பறந்த ஜெர்மன் விமானங்கள் என்று வந்துவிட்டால் கதையே வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றின் இறக்கைக்கு யாரும் உருமறைப்பு வண்ணம் அடிக்கவே இல்லை. பல வண்ணக் கட்டங்கள் ஏற்கெனவே அச்சான துணி சுருள் சுருளாக வந்தது, அதை வெட்டி, தைத்து, இறக்கைச் சட்டத்தின் மேல் போர்த்தி, டோப் என்கிற, காய்ந்ததும் துணியை விறைப்பாக்கும் திரவத்தைப் பூசி இறுக்கினார்கள், அவ்வளவுதான். அச்சிட்ட துணியை அச்சிட்ட டீகாலால் காட்டுவதில் என்ன குறுக்குவழி இருக்கிறது? உண்மையில் அதை ஏர்பிரஷில் வரைகிறவர்தான் சுற்றுவழியில் போகிறார்.

ஏன் துணியிலேயே அச்சடித்தார்கள் என்றால், வண்ணத்துக்கு எடை உண்டு, அடிக்க நேரமும் ஆள்பலமும் வேண்டும். போர் முற்றிய காலத்தில் இரண்டுமே பற்றாக்குறை. அச்சுத் துணி 1917-இல் புழக்கத்துக்கு வந்தது, நான்கு வண்ணத்தில் ஒன்று, ஐந்து வண்ணத்தில் ஒன்று என்று பகல் விமானங்களுக்கு முக்கியமாக இரண்டு வகை. மேற்பரப்புக்கு அடர்ந்த நிறங்கள், அடிப்பரப்புக்கு அதே கட்டங்கள் வெளிறிய நிறங்களில். நம் ஆட்கள் இதை லாசெஞ்ச் என்கிறார்கள். லாசெஞ்ச் என்றால் சாய்சதுரம், ஆனால் துணியில் இருப்பது சாய்சதுரம் இல்லை, கோணல் மாணலான பலகோணங்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, விடுங்கள்.

இந்தக் கட்டங்கள் 1/48 அளவில் (உண்மை விமானத்தில் 48-இல் ஒரு பங்கு) ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான் வரும். நான்கைந்து நிறம், ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் (வண்ணம் படக் கூடாத இடத்தை மூடும் ஒட்டு), இரண்டு இறக்கை, மேலும் கீழும், கூடவே உடல். இதை மாஸ்க் வெட்டி அடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் நான் செய்ய மாட்டேன்.

எந்த விமானத்தில் தொடங்கலாம் என்று கேட்டால், ஃபோக்கர் டி.7 என்கிற ஜெர்மன் போர்விமானம். யோசிக்கவே வேண்டாம். காரணம் மூன்று சொல்வேன். ஒன்று, அதன் உடல் பக்கங்கள் பலகை மாதிரி தட்டையானவை. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டியது, அதனால் டீகால் மடங்குவதற்கு வளைவே கிடையாது. இரண்டு, இறக்கைகளுக்கிடையே இழுகம்பி கிடையாது. தடித்த இறக்கை, உள்ளேயிருக்கும் மரச்சட்டமே தாங்கிக்கொள்ளும், வெளியே சில தூண்கள் மட்டும். கம்பி கட்டுகிற தலைவலி சக்கரத் தாங்கிக்கு நடுவிலுள்ள குறுக்குக் கம்பிகளோடு முடிந்தது. மூன்றாவது காரணம் வெறும் ஆசை: 1918 நவம்பரில் போர் நிறுத்த ஒப்பந்தம் எழுதியபோது, ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் இந்த ரகத்தை நேச நாடுகள் பெயர் சொல்லியே கேட்டு வாங்கின, அப்படிப்பட்ட விமானம் அலமாரியில் இல்லாமல் எப்படி? மாடல் கிட் தயாரிக்கிற எடுவர்ட், ரோடன் இரண்டுமே இதை 1/48-இல் கொண்டுவந்திருக்கின்றன. விங்நட் விங்ஸ் 1/32-இல் செய்தது, ஆனால் அந்த நிறுவனம் 2020-இல் மூடிவிட்டது, இப்போது கேட்கிற விலைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

சரி, டீகால் தாள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது. லாசெஞ்ச் டீகால் இரண்டு விதமாக வரும். சில தாள்களில் இறக்கை வடிவத்திலேயே வெட்டி அச்சடித்திருப்பார்கள், அந்தக் குறிப்பிட்ட கிட்டுக்கு மட்டும் பொருந்தும். மற்றவை துணிச் சுருள் மாதிரியே நீளமான பட்டைகளாக வரும், நாம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்குப் பட்டைதான் பிடிக்கும், ஏன் என்று கீழே புரியும். அடுத்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அச்சுக்கு அடியில் வெள்ளை இருக்கிறதா, இல்லை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறதா? வெள்ளை இருந்தால் அடியில் எந்த நிறம் இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. ஊடுருவும் வகை என்றால் அடிநிறம்தான் எல்லாம். சாம்பல் நிற பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக ஒட்டினால் அத்தனை நிறமும் செத்துப்போகும். வெள்ளையோ, வெளுக்காத பருத்தித் துணி மாதிரி ஒரு இளமஞ்சள் கலந்த வெள்ளையோ அடியில் வேண்டும். எனக்கு இரண்டாவது பிடிக்கும், நிறங்கள் கொஞ்சம் அடங்கி, துணி போலவே தெரியும்.

தாள் பழையதா என்பதையும் பாருங்கள். எங்கேயோ யாரோ அலமாரியில் பத்து வருடம் கிடந்த தாளை வாங்கினால் தண்ணீரில் போட்டதும் கண்ணாடி உடைகிற மாதிரி துண்டு துண்டாகும். தாளின் ஓரத்தில் தேவைப்படாத ஒரு சிறு துண்டை வெட்டி முதலில் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். உடைந்தால் முழுத் தாளுக்கும் மைக்ரோஸ்கேலின் திரவ டீகால் ஃபிலிம் ஒரு பூச்சு பூசி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது பரப்பைத் தயார் செய்வது. டீகால் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது, அதனால் இதில் அவசரப்பட வேண்டாம். மேல் இறக்கை, கீழ் இறக்கை, உடல், வால் எல்லாவற்றையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை இறக்கை விமானத்தை முழுதாகச் சேர்த்த பிறகு நடுவில் விரலை விட்டு டீகால் ஒட்டுவது நடக்கிற காரியம் இல்லை. தூண்கள் நுழைகிற ஓட்டைகளைச் சரியான அளவுக்கு இப்போதே துளைத்துவிடுங்கள், டீகாலுக்கு அப்புறம் துளையிட்டால் ஓரம் கிழியும். அடிநிறம் அடியுங்கள். ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு ஸ்ப்ரே கேன் போதும், ஒரே நிறம்தானே, மாடியில் நின்று காற்று வீசாத நேரமாகப் பார்த்து அடித்துவிட்டு வரலாம். மழைக்கால ஈரத்தில் மட்டும் லாக்கர் கேனைத் தொடாதீர்கள், பனி படிந்த மாதிரி வெளுத்துப்போகும்.

அதற்கு மேல் கிளாஸ், அதாவது பளபளப்பான நிறமற்ற பூச்சு, கட்டாயம். மங்கலான பெயிண்ட் கிட்டத்தில் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி. அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு டீகாலுக்கு அடியில் வெள்ளி நிறத்தில் பளபளக்கும். சில்வரிங் என்று எல்லாரும் திட்டுவது இதைத்தான். தாமியா எக்ஸ்-22 மாதிரி ஏதாவது ஒன்றை மெல்லியதாக இரண்டு முறை அடித்து, விரலால் தடவினால் வழுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

கிளாஸ் காய்கிற நேரத்தில் வார்ப்புரு வெட்டிவிடலாம். இறக்கையின் மேல் டிரேசிங் தாளை வைத்து, மென்மையான பென்சிலால் ஓரத்தைத் தேய்த்து எடுங்கள், விலா எலும்புகளின் (இறக்கைக்குள் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் சட்டங்கள்) கோடும் லேசாகப் பதியும். இங்கேதான் துணியின் அகலம் உதவுகிறது. உண்மைத் துணியின் அகலம் சுமார் 1.3 மீட்டர், அதாவது 1/48-இல் 27 மி.மீ., 1/72-இல் 18 மி.மீ. ஃபோக்கர் டி.7-இன் மேல் இறக்கை நுனிக்கு நுனி 8.9 மீட்டர், 1/48-இல் 185 மி.மீ. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஏழு பட்டை. இந்த விமானத்தில் துணி பெரும்பாலும் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு, விலா எலும்புகளுக்கு இணையாகப் போர்த்தப்பட்டது. வேறு விமானங்களில் நுனிக்கு நுனி நீளவாக்கில் ஓடியதும் உண்டு, அதனால் நீங்கள் கட்டுகிற குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படம் ஒன்றாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தின் நோல்டன் என்கிற சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு டி.7 அந்தக் காலத்துத் துணியோடே இருக்கிறது. அதன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் தையல், நாடா எல்லாம் எப்படிப் போகின்றன என்பது எந்த வரைபடத்தையும் விடத் தெளிவாகப் புரியும்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் கட்டங்கள் தையலில் பொருந்தவே பொருந்தாது. தொழிற்சாலையில் போர் நடுவே உட்கார்ந்து, பட்டுப்புடவை முந்தானை சேர்க்கிற மாதிரி யாரும் கட்டத்துக்குக் கட்டம் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை, சுருளை உருட்டினார்கள், வெட்டினார்கள், தைத்தார்கள். அதனால் நீங்களும் பொருத்த வேண்டாம், பொருத்தினால்தான் தப்பு. முழு இறக்கைக்கும் ஒரே படமாக அச்சிட்ட டீகால் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான், சில தாள்களில் அந்தத் தையல் முறிவே இருக்காது, பார்க்க வால்பேப்பர் ஒட்டிய மாதிரி இருக்கும். பட்டையாக ஒட்டினால் அது தானாகவே வந்துவிடும்.

பட்டையை வெட்டும்போது நீளத்தில் இரு பக்கமும் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள். அகலத்தில் அச்சின் ஓரத்தோடு ஒட்டி, புது பிளேடால், இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு நாலு வெட்டுக்கும் பிளேடை மாற்றினாலும் தப்பில்லை, முனை மழுங்கிய பிளேடு டீகாலின் ஓரத்தைப் பிசிறாக்கும், பிசிறு பக்கத்துப் பட்டையின் மேல் ஏறி நிற்கும். வெட்டியவற்றை வரிசை மாறாமல் ஒரு தாளில் பென்சிலால் எண் போட்டு அடுக்கி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் லாசெஞ்ச் இறக்கையைக் குழாயில் வந்த போர்வெல் தண்ணீரில் நனைத்துத்தான் ஒட்டினேன். ராத்திரி பார்த்தபோது அருமையாக இருந்தது. காலையில் கரும்பச்சைக் கட்டங்களின் மேல் எல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம், எவர்சில்வர் குடத்தின் அடியில் படிகிற அதே உப்பு. மேலே படிந்ததை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன், அடியில் படிந்ததை என்ன செய்ய? இன்றைக்கும் அந்த மாடலின் இடது இறக்கையை நான் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் பல விமானத்துக்கு வரும், அதைக் கை பொறுக்கிற அளவு வெதுவெதுப்பாக்கி, பாத்திரம் தேய்க்கிற திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், டீகால் வழுக்கி நகர அது உதவும்.

இப்போது ஒரு பட்டையை ஒட்டிக் காட்டுகிறேன். கீழ் இறக்கையின் அடிப்பரப்பில் தொடங்குங்கள், எப்போதும். முதல் இரண்டு பட்டை கோணலாகத்தான் வரும், அது யாரும் பார்க்காத இடத்தில் வரட்டும். இறக்கையின் நடுவிலிருந்து நுனியை நோக்கிப் போவது சுலபம், ஏனென்றால் நடுவில் விலா எலும்புக்கு நேராக முதல் பட்டை உட்கார்ந்துவிட்டால் மற்றவை அதன் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். பட்டையை ட்வீசரால் பிடித்துத் தண்ணீரில் பத்து விநாடி, அவ்வளவுதான், வெளியே எடுத்து ஒரு டிஷ்யூ மேல் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும், அதோடு நீளமான டீகால் சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. இந்த இடைவெளியில் இறக்கையில் பட்டை உட்காரப் போகிற இடத்தில் மைக்ரோ செட் என்கிற, டீகால் நன்றாகப் பிடிக்க உதவும் திரவத்தைத் தூரிகையால் தாராளமாகப் பூசுங்கள். வினிகர் வாசனை அடிக்கும், அதில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது.

தாளோடு சேர்த்துப் பட்டையை இறக்கையின் மேல் வைத்து, ஈரத் தூரிகையால் டீகாலை மெல்லப் பிடித்துக்கொண்டு, அடித்தாளை இழுங்கள். டீகாலைத் தள்ளாதீர்கள், தாளை உருவுங்கள். பட்டை இறக்கைக்கு மாறியதும் மிதந்துகொண்டிருக்கும், இருபது முப்பது விநாடி உங்களுக்கு நேரம் உண்டு, அதற்குள் அதன் நீள ஓரத்தை விலா எலும்புக் கோட்டோடு ஒத்துப் பாருங்கள், முன் விளிம்பில் 2 மி.மீ. தொங்குகிறதா, பின் விளிம்பில் தொங்குகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அகலத் தூரிகையால் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் தண்ணீரைத் தள்ளுங்கள். அப்புறம் ஈரமான காட்டன் பட்ஸை உருட்டுங்கள், தேய்க்க வேண்டாம், உருட்டுங்கள். விலா எலும்பின் இரு பக்கமும் டீகால் கூடாரம் மாதிரி தூக்கி நிற்பது தெரியும். இருக்கட்டும்.

பத்து நிமிடம் கழித்து மேலே மைக்ரோ சோல். இது செட் இல்லை, இரண்டு குப்பியையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள், சோல் டீகாலையே மென்மையாக்கிவிடும். பூசியதும் பட்டை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக, கிழவியின் கை மாதிரி ஆகும். பயந்து விரலை வைத்தால் தொலைந்தது, அந்த நேரத்தில் அது டீகாலே இல்லை, ஈர அப்பளம். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து போங்கள், டீ குடியுங்கள். அரை மணியில் சுருக்கம் தானாகவே அடங்கி, விலா எலும்புகளின் மேல் தோல் மாதிரி படிந்திருக்கும். கூடாரம் இன்னும் நின்றால் மறுபடி ஒரு பூச்சு. சில தடித்த டீகாலுக்கு மைக்ரோ சோல் போதாது, மிஸ்டர் மார்க் சாஃப்டர் மாதிரி இன்னும் காரமான திரவம் வேண்டும், ஆனால் மெல்லிய டீகாலில் அதை விட்டால் அச்சே கலங்கலாம், முதலில் சோதனைத் துண்டில்தான்.

அடுத்த பட்டையை முதல் பட்டை காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அந்தப் பொறுமை இல்லை, ஒன்று விட்டு ஒன்றாக ஒட்டுகிறேன்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு இன்றைக்கு, நடுவிலுள்ளவை நாளைக்கு. இடைவெளி எவ்வளவு என்று அளந்து வெட்டிக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள வசதி, அரை மி.மீ. முன்னே பின்னே போனாலும் தெரியாது. ஓரம் மேலேறினால் பரவாயில்லை, உண்மைத் துணியிலும் தையல் மடிப்பு இருந்தது. இடைவெளி விழுந்தால்தான் அடிநிறம் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும், அதற்கு அந்தக் கட்டத்தின் நிறத்தில் அக்ரிலிக் கலந்து மெல்லிய தூரிகையால் தொட்டுவிட்டால் போதும்.

விளிம்புகளுக்கு வருவோம். முதலில் அடிப்பரப்பு முழுவதும் ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, தொங்குகிற 2 மி.மீ.யை விளிம்போடு புது பிளேடால் சீவுங்கள், இல்லையென்றால் மிக மெல்லிய உப்புத்தாளை விளிம்பில் ஒரே திசையில், கீழ்நோக்கி, நாலு முறை இழுத்தால் டீகால் தானே அறுந்து விழும். அப்புறம் மேற்பரப்பு. டி.7-இன் பின் விளிம்பு நேர்கோடு இல்லை, உள்ளே ஓடும் கம்பியைத் துணி இறுக்கி இழுத்ததால் வரிசையாக வளைவு வளைவாக இருக்கும். அங்கே நேராக வெட்ட முயலாமல் உப்புத்தாளையே பயன்படுத்துங்கள். எய்லெரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற பகுதி) தனிச் சட்டம், தனியாகத்தான் துணி போர்த்தினார்கள், எனவே அதற்குத் தனித் துண்டு ஒட்டுங்கள், கட்டம் இறக்கையிலிருந்து தொடர வேண்டியதில்லை. இந்த ஒரு சின்ன வேலை பார்க்கிறவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் காட்டும்.

சில்வரிங் எங்கேயாவது வந்திருந்தால் மறுநாள் பகல் வெளிச்சத்தில் இறக்கையைச் சாய்த்துப் பாருங்கள், தெரியும். ஊசி முனையால் அந்த இடத்தில் நாலைந்து குத்து, மேலே ஒரு சொட்டு சோல், பெரும்பாலும் இறங்கிவிடும்.

அடுத்தது விலா நாடாக்கள், ரிப் டேப். உண்மையான விமானத்தில் துணியை விலா எலும்போடு தைத்துவிட்டு, தையலை மூட அதன் மேல் ஒரு நாடா ஒட்டினார்கள். சில விமானங்களில் அந்த நாடா அதே அச்சுத் துணியிலிருந்து வெட்டியது, சிலவற்றில் வெளிர் நீலம் அல்லது இளஞ்சிவப்பில் வெறும் நாடா. 1/48-இல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே அகலம், டஜன் கணக்கில். இதுதான் இந்த வேலையிலேயே கழுத்தறுப்பு. பாட்டு எதையாவது போட்டுக்கொண்டு, ஒரு மாலைக்கு ஒரு பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா ஒட்டும் முன் கீழே ஒட்டிய பட்டைகளுக்கு ஒரு கிளாஸ் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது, நாடா நகர்த்தும்போது பட்டை பெயர்ந்து வராது, சோல் பூசினாலும் கீழ் அடுக்கு கரையாது. நாடாவை வேண்டியதை விட நீளமாகவே வெட்டி, ஒட்டிக் காய்ந்த பிறகு ஓரத்தைச் சீவுங்கள். 1/72-இல் கட்டுகிறவர்கள் அச்சுத் துணி நாடாவை விட்டுவிட்டாலும் பெரிதாக யாருக்கும் தெரியாது; நீலம் அல்லது இளஞ்சிவப்பு நாடா என்றால் விட முடியாது, அது அந்த விமானத்தின் முகவரி மாதிரி.

உடலுக்கு இறக்கையில் பட்ட கஷ்டத்தில் கால்வாசிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஃபோக்கரின் ஷ்வெரின் தொழிற்சாலையில் செய்த தொடக்கக் கால டி.7-களின் உடலில் லாசெஞ்ச் இல்லை, கரும்பச்சையைத் தூரிகையால் கோடு கோடாகத் தீற்றியது. பிறகு வந்தவற்றில்தான் உடலிலும் அச்சுத் துணி. அல்பட்ராஸ் நிறுவனமும் அதன் கிழக்குக் கிளையும் இதே விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டின. எனவே எந்தத் தொழிற்சாலையில் கட்டியது என்று பார்க்காமல் உடலுக்கு டீகாலை வெட்டாதீர்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள மூடிகள் உலோகத் தகடு, தூண்கள் உலோகக் குழாய், இரண்டுக்கும் வண்ணம்தான். தகட்டுக்கும் துணிக்கும் நடுவிலுள்ள கோட்டில் டீகாலை நிறுத்தி, தகட்டின் நிறத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி அடியுங்கள். அந்த டேப்பை ஒட்டுமுன் உள்ளங்கையில் ரெண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், டீகாலின் மேல் புது டேப்பை நேராக ஒட்டினால் பிரிக்கும்போது தோலோடு வரும்.

அடுத்து சிலுவைகள், ஜெர்மன் விமானங்களின் அடையாளக் குறி. டி.7 போர்முனைக்கு வந்தது 1918 வசந்தத்தில், கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் பழைய வளைந்த சிலுவையை விட்டு நேர்க்கோட்டுச் சிலுவைக்கு மாறச் சொல்லி ஆணை வந்தது, எனவே உங்கள் விமானத்துக்குப் பெரும்பாலும் நேர்ச்சிலுவைதான். சிலுவையைச் சுற்றியுள்ள வெள்ளை மெல்லியதாக அச்சாகியிருந்தால் அடியிலிருக்கும் கட்டங்கள் அதன் வழியே எட்டிப் பார்க்கும். தாளில் கூடுதல் சிலுவை இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டலாம்; இல்லையென்றால் அந்த இடத்தில் முதலில் வெள்ளையை அடித்துவிட்டு மேலே ஒட்டுங்கள்.

ஒட்டி முடித்ததும் எல்லாம் புது லுங்கி மாதிரி பளிச்சென்று இருக்கும், கொஞ்சம் மனசு சோர்ந்துபோகும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கிளாஸ் பூச்சு அடித்துப் பூட்டிய பிறகு, பழுப்பு நிற எண்ணெய் வண்ணத்தை டர்பெண்டைனில் மிக மிகத் தண்ணீராகக் கரைத்து ஒரு பரப்பு முழுவதும் தடவி, அகலத் தூரிகையால் முன்னிருந்து பின்னுக்கு இழுத்துத் துடைத்தால் அந்தப் பளிச்சு அடங்கும். நிறங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடுவதை நிறுத்தும். கடைசியில் அரைமங்கலான வார்னிஷ். முழு மங்கல் வேண்டாம், டோப் பூசிய துணிக்கு லேசான மினுக்கு உண்டு. லாக்கர் கேனில் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் தூரத்திலிருந்து தூவலாக, மூன்று நாலு முறை. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டீகாலையே தின்றுவிடும்.

தூண்களைப் பொருத்துமுன் ஓட்டைகளின் மேல் மூடிக்கொண்டிருக்கும் டீகாலை ஊசியால் குத்தி, கூர்முனையால் சுற்றிச் சுரண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பசை டீகாலைப் பிடிக்காது, பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும்.

இந்தத் தாளெல்லாம் கிடைக்கவில்லை, இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வீட்டிலேயே அச்சடிக்கலாம். டீகால் தாள் ஆன்லைனில் கிடைக்கிறது. பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, ஆகவே ஊடுருவும் தாளில் அச்சடித்து வெளிர் அடிநிறத்தின் மேல் ஒட்ட வேண்டும். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் மை கரையும், மேலே கிளியர் கோட் மூன்று தூவல் அடித்துக் காயவைத்த பிறகே நனைக்க வேண்டும். லேசர் அச்சில் கிட்டப்போய்ப் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். 1/72-க்குத் தாங்கும், 1/32-க்குத் தாங்காது.

அந்த ஸ்பிட்ஃபயர் விஷயம். இரண்டு மூன்று நிறம், பெரிய பெரிய திட்டுகள், அதை டீகாலில் செய்ய எந்த நியாயமும் இல்லை. தாளில் மாஸ்க் வெட்டி, தூரிகையிலோ கேனிலோ முடித்துவிடலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் உடலில் வருகிற மங்கலான புள்ளித் திட்டுகளுக்கும் டீகால் விற்கிறார்கள், ஆனால் ஓரம் கரைந்து மறைகிற அந்த மென்மையை அச்சு சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் காட்டும், பக்கத்தில் பார்த்தால் பழைய செய்தித்தாள் படம் மாதிரி இருக்கும். அதற்கு ஏர்பிரஷ்தான். டீகால் ஜெயிக்கிற இன்னொரு இடம் டிஜிட்டல் கேமோ: உக்ரைனின் சு-27, ஸ்லோவாக்கியாவின் மிக்-29 மாதிரி சதுரம் சதுரமான பிக்சல் திட்டுகள். ஓரம் கத்தி வெட்டு மாதிரி இருக்க வேண்டும், அதைத்தான் டீகால் நன்றாகச் செய்யும். ஆனால் அங்கே இரண்டு வித்தியாசம். அடிநிறச் சாம்பலை நீங்கள் வண்ணமாகவே அடித்துவிட்டு, அதன் மேல் திட்டுகளை மட்டும் ஒட்டுவீர்கள், எனவே நிறம் பொருந்துகிறதா என்று முதலிலேயே தாளோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் ஜெட்டின் தகட்டுக் கோடுகள்: டீகால் காய்ந்ததும் ஒவ்வொரு கோட்டின் மேலும் பிளேடை மெல்ல ஓட்டி, சோல் விட்டால்தான் கோட்டுக்குள் இறங்கும். இல்லையென்றால் பாலம் கட்டின மாதிரி மேலேயே நிற்கும், வாஷ் (கோடுகளுக்குள் இறங்கும் நீர்த்த வண்ணம்) போடும்போது அந்த இடம் மட்டும் கோடே இல்லாமல் காலியாகக் கிடக்கும்.

ஃபோக்கர் முடிந்ததும் மிச்சப் பட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். ஜிப் கவரில் போட்டு, வெயில் படாத இடத்தில், தட்டையாக ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். மேற்பரப்புப் பட்டை எது, அடிப்பரப்புப் பட்டை எது என்று கவரின் மேல் எழுதியும் வையுங்கள். அதே காலத்து இன்னொரு ஜெர்மன் விமானமான அல்பட்ராஸ் டி.5ஏ-வின் உடல் ஒட்டுப்பலகை, அதற்கு லாசெஞ்ச் வேண்டாம், இறக்கைக்கு மட்டும்தான். 1/72-இல் ஒன்று கட்டுவதாக இருந்தால் அந்தத் துண்டுகள் உதவாது, கட்டத்தின் அளவு மாறிவிடும். 1/48 என்றால் கீழ் இறக்கைக்காவது வரும். அது ஒடுக்கமான இறக்கை.